யெஸ் கொடுக்கலாமா? விண்டோஸ் மாற்றிய பிறகு வந்த அனுமதிக் கேள்விகள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதை ஒட்டிப் பலரையும் போல நாங்களும் வீட்டுக் கம்ப்யூட்டரை விண்டோஸ் 11-க்கு மாற்றினோம். பழைய ஹார்ட் டிஸ்க்கை உள்ளேயே விட்டுவிட்டு, புதிதாக ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போட்டு, அதில் விண்டோஸை முதலிலிருந்து ஏற்றினோம். வேகம் நன்றாகவே கூடியது. ஆனால் அடுத்த சில வாரங்கள் திரையில் ஏதாவது ஒரு பெட்டி வந்து அனுமதி கேட்டுக்கொண்டே இருந்தது.

எந்த மதர்போர்டில் விண்டோஸ் 11 ஓடும், அதற்குத் தேவையான டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்பதையெல்லாம் சொல்லப் பலர் இருக்கிறார்கள். மாற்றிய பிறகு வரும் இந்தப் பெட்டிகளைப் பற்றி உட்கார்ந்து விளக்குபவர்கள் குறைவு. கடையில் கேட்டால், "அதை ஆஃப் பண்ணிடலாம் சார், தொந்தரவே இருக்காது" என்பார்கள். நான் ஆஃப் செய்யவில்லை. ஒவ்வொரு பெட்டியும் ஏன் வருகிறது என்று தேடிப்போய், தேவையில்லாமல் வந்தவற்றின் காரணத்தைச் சரிசெய்தேன். ஒரு நாளைக்கு இருபது முறை கேட்டால் யாரும் படிக்க மாட்டார்கள், கை தானாக யெஸ்ஸில் போய் நிற்கும். எப்போதாவது ஒன்று வந்தால்தான் நின்று படிப்பார்கள்.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில் இருக்கிறது. ஒரே கம்ப்யூட்டர், உட்காருபவர்கள் பலர். அப்பா ஊர்க் கோயில் கொடைக்கான (திருவிழாவுக்கான) வரிக் கணக்கை ஒரு பழைய கணக்கு மென்பொருளில் வைத்திருக்கிறார். மனைவி சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறார், டிஜிட்டல் கையெழுத்துப் போடும் யுஎஸ்பி டோக்கன் இல்லாமல் அவருக்கு வேலை நடக்காது. மகளுக்கு ஆன்லைன் வகுப்பு. கொஞ்ச நாள் எல்லோரிடமிருந்தும் ஒரே கேள்விதான் வந்தது. அப்பா, "ஏல, இது திரும்பத் திரும்பக் கேக்குதே, யெஸ் குடுத்துரட்டுமா?" என்பார். மனைவி, "என்னங்க, இது மஞ்சக் கலர்ல வருது, பரவாயில்லையா?" என்பார்.

பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரிப் பெட்டிகள்தான். ஆனால் ஒன்று ஒரு புரோகிராம் கம்ப்யூட்டரின் முழு அதிகாரத்தைக் கேட்பது. இன்னொன்று, "இந்த ஃபைல் உன்னுடையதுதானா?" என்று டிஸ்க் கேட்பது. வேறொன்று மைக்கையும் கேமராவையும் யார் தொடலாம் என்பது. பிரவுசரும் ஃபயர்வாலும் கேட்பவை தனி. எது யாருடைய கேள்வி என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் திரை மங்கி நடுவில் வரும் பெட்டி. இதற்கு யூசர் அக்கவுண்ட் கண்ட்ரோல் என்று பெயர், சுருக்கமாக யுஏசி. 2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில்தான் இது அறிமுகமானது. எதற்கெடுத்தாலும் கேட்டதால் மக்கள் வெறுத்துப்போனார்கள். 2009-இல் வந்த விண்டோஸ் 7-இல் நான்கு படிகள் கொண்ட ஒரு ஸ்லைடரை வைத்து, விண்டோஸின் சொந்த செட்டிங்குகளை நாமே மாற்றும்போது கேட்காமல், மற்ற புரோகிராம்கள் மாற்ற வரும்போது மட்டும் கேட்பதைப் பொது நிலையாக்கினார்கள். விண்டோஸ் 11-லும் அதே ஸ்லைடர்தான். கடைக்காரர் "ஆஃப்" என்று சொல்வது அதைக் கீழ்ப்படிக்குத் தள்ளுவது. தள்ளினால், அட்மின் கணக்கில் (கம்ப்யூட்டரை நிர்வகிக்கும் உரிமை உள்ள கணக்கில்) இருக்கும்போது எந்தப் புரோகிராம் முழு அதிகாரம் கேட்டாலும் நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கிடைத்துவிடும்.

முழு அதிகாரம் என்றால் என்ன என்பது முக்கியம். நாம் அட்மின் கணக்கில் நுழைந்திருந்தாலும், நாம் திறக்கும் புரோகிராம்கள் சாதாரண அதிகாரத்தோடுதான் ஓடுகின்றன. யெஸ் கொடுக்கும்போது அந்த ஒரு புரோகிராமுக்கு, அது மூடப்படும் வரை, அட்மின் அதிகாரம் போகிறது. அது விண்டோஸ் ஃபோல்டரில் எழுதலாம், டிரைவர் ஏற்றலாம், வீட்டில் மற்றவர்கள் கணக்கில் இருக்கும் ஃபைல்களைப் படிக்கலாம், பாதுகாப்பு அமைப்புகளை மாற்றலாம். ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. யெஸ் கேட்காத புரோகிராம்கூட நம்முடைய டாக்குமெண்ட்ஸ், போட்டோக்கள் எல்லாவற்றையும் படிக்கலாம், அழிக்கலாம். அவை நம்முடையவை, நம் பெயரில் ஓடும் புரோகிராமுக்கு அவை திறந்தே கிடக்கின்றன. பணம் கேட்டு ஃபைல்களைப் பூட்டும் ரான்சம்வேர் வேலைசெய்ய யுஏசி பெட்டியே வர வேண்டியதில்லை. அதனால் பெட்டி எதுவும் வரவில்லை, ஆகவே ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்செஸ் என்று ஒன்று இருக்கிறது. 2017-இல் விண்டோஸ் 10-இல் வந்தது, தானாக இயங்காது, நாம்தான் போட வேண்டும். போட்டால் தெரியாத புரோகிராம்கள் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களில் எழுத முடியாது. அதுவும் ஆரம்பத்தில் சில பழைய புரோகிராம்களைத் தடுக்கும், ஒவ்வொன்றாக அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கும். போட்டோக்கள் நிறைய இருக்கும் வீட்டில் அந்தச் சிரமத்தைப் படலாம் என்பது என் கருத்து.

பெட்டியைப் படிக்க நான் வீட்டில் சொல்லிக்கொடுத்தது இதுதான். எல்லாவற்றுக்கும் முன்னால், "நான் இப்போது எதையாவது திறந்தேனா?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஐகானின் மூலையில் நீலமும் மஞ்சளுமாகச் சின்னக் கேடயம் தெரிந்தால், அதைத் திறக்கும்போது பெட்டி வருவது எதிர்பார்த்ததே. சும்மா யூடியூப் பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று வந்தால், யோசிக்காமல் நோ. நோ கொடுத்தால் எதுவும் கெட்டுப்போகாது. தேவையான புரோகிராமாக இருந்தால் மறுபடி திறந்துகொள்ளலாம், அது மறுபடி கேட்கும். பெரியவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நோ கொடுத்தால் கம்ப்யூட்டர் பழுதாகிவிடும் என்ற பயத்தில்தான் பாதிப் பேர் யெஸ் கொடுக்கிறார்கள்.

அடுத்தது நிறமும் பப்ளிஷர் பெயரும். நீலப் பட்டை என்றால் வெளியிட்டவரின் டிஜிட்டல் கையெழுத்து சரிபார்க்கப்பட்டிருக்கிறது. மஞ்சள் என்றால் யார் வெளியிட்டது என்று விண்டோஸால் சொல்ல முடியவில்லை. மஞ்சளாக வருவதெல்லாம் வைரஸ் இல்லை. எங்கள் பழைய ஸ்கேனரின் மென்பொருளுக்கும் மஞ்சள்தான் வருகிறது. அதேபோல நீலம் என்பது நல்லவர் என்ற சான்றிதழும் இல்லை, இன்னார் வெளியிட்டது, அதற்குப் பிறகு யாரும் மாற்றவில்லை என்பது மட்டும்தான். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சில நேரம் பெட்டியில் விண்டோஸ் கமாண்ட் பிராசஸர் என்றோ பவர்ஷெல் என்றோ வரும், பப்ளிஷர் மைக்ரோசாஃப்ட் என்று நீலத்தில் இருக்கும். கேட்பது மைக்ரோசாஃப்ட்டின் கருவி, ஆனால் அதற்கு வேலை கொடுத்தது வேறொருவராக இருக்கலாம். பெட்டிக்குள் ஷோ மோர் டீடெய்ல்ஸ் என்பதை அழுத்தினால் அந்தக் கருவியை எந்தக் கட்டளையோடு கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தெரியும். அது புரியாவிட்டால் நோ.

சரி, நம்பிக்கையான மென்பொருளே தினமும் கேட்கிறதே, அதற்கு என்ன செய்வது? எங்கள் வீட்டில் முதல் வாரம் வந்த பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். மென்பொருள்களை ஏற்றிக்கொடுக்க வந்தவர், பிரச்சினை வரக் கூடாது என்று எல்லா ஐகானிலும் ப்ராப்பர்ட்டீஸுக்குப் போய், கம்பாட்டிபிலிட்டி பக்கத்தில் "ரன் திஸ் புரோகிராம் ஆஸ் அன் அட்மினிஸ்ட்ரேட்டர்" என்ற இடத்தில் டிக் போட்டிருந்தார். பிடிஎஃப் திறக்கும் மென்பொருளுக்குக்கூட டிக். ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். எடுத்தபிறகு வேலைசெய்யாமல் போனது ஒன்றோ இரண்டோதான்.

அந்த டிக்கினால் பெட்டி மட்டும் வருவதில்லை, வேறு தொல்லைகளும் வருகின்றன. மனைவி பல வருடமாகத் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்ய ஒரு தனி மென்பொருளைப் பயன்படுத்துகிறார். புதிய விண்டோஸில் அது நோட்பேடில் தமிழ் அடித்தது, பிரவுசரில் அடித்தது, ஆனால் பில் போடும் மென்பொருளுக்குள் போனதும் ஆங்கில எழுத்தாகவே விழுந்தது. மென்பொருளை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினாலும் அதே கதை. காரணம் இதுதான்: சாதாரண அதிகாரத்தில் ஓடும் ஒரு புரோகிராம், அட்மின் அதிகாரத்தில் ஓடும் இன்னொன்றின் விசை அழுத்தங்களில் தலையிட விண்டோஸ் விடாது. பாதுகாப்புக்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். பில் மென்பொருள் அட்மினாக ஓடியது, தமிழ் மென்பொருள் சாதாரணமாக ஓடியது, நடுவில் சுவர். இதே காரணத்தால், அட்மினாக ஓடும் மென்பொருளுக்குள் ஃபைல்களை இழுத்துப் போட்டாலும் விழாது. நெட்வொர்க் டிரைவ் எழுத்து கொடுத்து வைத்திருந்தால் அதுவும் அங்கே தெரியாமல் போகலாம். டிக்கை எடுத்ததும் தமிழ் வந்துவிட்டது. இப்போது விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருப்பதால், கொஞ்ச நாளில் அதற்கே மாறிவிட்டார்.

அப்பாவின் கணக்கு மென்பொருள் கதை இதைவிடப் பெரியது. புதிய விண்டோஸில் அதை ஏற்றி, பழைய டிஸ்க்கின் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருந்த டேட்டா ஃபைல்களை எடுத்துப் போட்டுத் திறந்தால், பல வருடங்களுக்கு முந்தைய கொடையோடு கணக்கு நின்றிருந்தது. வரி கொடுத்தவர்கள் பட்டியல், பாக்கி, பந்தல் செலவு, மேளம், அன்னதானம் என்று அதற்குப் பிந்தைய எதையும் காணவில்லை. அப்பா ஒன்றும் பேசாமல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ஊர்ப் பணத்தின் கணக்கு, அவருக்கு அது சாதாரண விஷயம் இல்லை.

ஃபைல்கள் எங்கும் போகவில்லை, வேறு இடத்தில் இருந்தன. விஸ்டாவுக்கு முந்தைய காலத்து மென்பொருள்கள் தங்கள் டேட்டாவைப் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே எழுதும் பழக்கம் உள்ளவை. விஸ்டாவிலிருந்து அங்கே எழுத அட்மின் அதிகாரம் வேண்டும். அந்த மென்பொருள்கள் உடைந்துபோகாமல் இருக்க விண்டோஸ் ஒரு ஏற்பாடு செய்தது. மென்பொருள் புரோகிராம் ஃபைல்ஸில் எழுதுவதாக நினைத்துக்கொள்ளும், விண்டோஸ் அந்த ஃபைலை வாங்கி நம் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல் ஸ்டோர் என்ற இடத்தில் வைத்துவிடும். மென்பொருள் அடுத்த முறை படிக்கும்போது அங்கிருந்தே எடுத்துக் கொடுக்கும். ஆப்டேட்டா மறைக்கப்பட்ட ஃபோல்டர் என்பதால் சாதாரணமாகக் கண்ணில் படாது. அப்பாவின் பல வருடக் கணக்கு அங்கேதான் சேர்ந்திருந்தது. புரோகிராம் ஃபைல்ஸில் கிடந்தது, மென்பொருளை முதலில் ஏற்றிய காலத்துப் பழைய பிரதி.

இதே ஏற்பாட்டுக்கு இரண்டு பின்விளைவுகள் உண்டு. பழைய மென்பொருளை அட்மினாக ஓட்டினால் விண்டோஸ் அதற்கு விர்ச்சுவல் ஸ்டோரைக் காட்டாது, நேராகப் புரோகிராம் ஃபைல்ஸையே காட்டும். நேற்று வரை இருந்த கணக்கு, டிக் போட்டதும் காணாமல் போனது போலத் தெரிவது இதனால்தான். அடுத்தது, விர்ச்சுவல் ஸ்டோர் ஒவ்வொரு யூசருக்கும் தனித்தனி. அப்பா கணக்கில் நுழைந்து பதிவுசெய்ததை நான் என் கணக்கில் நுழைந்து பார்த்தால் தெரியாது. பழைய மென்பொருளில் டேட்டா காணோம் என்று யார் சொன்னாலும், வேறு எதையும் அழிப்பதற்கு முன் இந்த இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதற்கு நாங்கள் செய்த நிரந்தர ஏற்பாடு: மென்பொருளைப் புரோகிராம் ஃபைல்ஸில் ஏற்றாமல், டி டிரைவில் கணக்கு என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் ஏற்றினோம். விர்ச்சுவல் ஸ்டோரிலிருந்து டேட்டா ஃபைல்களை அங்கே நகல் எடுத்தோம். இப்போது அட்மின் அதிகாரமும் தேவையில்லை, பெட்டியும் வருவதில்லை, யார் கணக்கில் நுழைந்தாலும் ஒரே கணக்கு. புரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளியே இருக்கும் மென்பொருளை வேறு புரோகிராம்கள் மாற்றிவிட வாய்ப்பு இருக்கிறது என்பது உண்மை. இப்படி ஒரே ஒரு பழைய மென்பொருளுக்கு அதை ஏற்றுக்கொள்ளலாம், எல்லாவற்றுக்கும் இதைச் செய்யக் கூடாது.

அந்த விர்ச்சுவல் ஸ்டோர் ஃபோல்டருக்குள் நுழைவதற்கே பழைய டிஸ்க்கின் அனுமதியைத் தாண்ட வேண்டியிருந்தது. பழைய விண்டோஸில் இருந்த அப்பாவின் யூசர் ஃபோல்டரைத் திறக்கப் போனால், இந்த ஃபோல்டருக்கு உங்களுக்கு இப்போது அனுமதி இல்லை, கண்டினியூ அழுத்தினால் நிரந்தரமாகக் கிடைக்கும் என்று பெட்டி வந்தது. அதே பெயர், அதே பாஸ்வேர்டு வைத்துத்தானே புதிய விண்டோஸிலும் கணக்கு திறந்தோம் என்று அப்பா கேட்டார். விண்டோஸ் பெயரை வைத்து யாரையும் அடையாளம் காண்பதில்லை. ஒவ்வொரு யூசருக்கும் எஸ்-1-5-21 என்று தொடங்கும் ஒரு நீண்ட எண் இருக்கிறது. ஃபைலின் அனுமதிப் பட்டியலில் எழுதப்பட்டிருப்பது அந்த எண். விண்டோஸைப் புதிதாக ஏற்றும்போது யூசர்களுக்குப் புதிய எண்கள் கிடைக்கின்றன. பழைய எண்ணுக்குச் சொந்தக்காரர் யார் என்று புதிய விண்டோஸுக்குத் தெரியாது, அதனால் அக்கவுண்ட் அன்நோன் என்று காட்டும். விண்டோஸ் 10-இன் மேலேயே 11-ஐ ஏற்றியவர்களுக்கு அந்த எண் மாறாது, இந்தப் பிரச்சினையும் வராது.

கண்டினியூ அழுத்துவதில் தவறில்லை. அழுத்தினால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபைலின் பட்டியலிலும் நம் புதிய கணக்கை விண்டோஸ் சேர்க்கும். போட்டோக்கள் நிறைய இருந்தால் முகவரிப் பட்டையில் பச்சைக் கோடு மெதுவாக ஊர்ந்துகொண்டே இருக்கும். நின்றுபோய்விட்டது என்று நினைத்து நடுவில் மூடிவிட வேண்டாம். அதற்கும் திறக்காத ஃபோல்டர் என்றால் ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போய் மேலே ஓனர் என்ற இடத்தில் சேஞ்ச் அழுத்தி நம் கணக்கைக் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவற்றுக்கும் ஓனரை மாற்று என்று ஒரு டிக் இருக்கும், அதையும் போட வேண்டும். ஒரு எச்சரிக்கை: இதைப் பழைய டிஸ்க்கில் நமக்கு வேண்டிய ஃபோல்டருக்கு மட்டும் செய்யுங்கள். ஏதோ ஒரு ஃபைலை அழிக்க முடியவில்லை என்பதற்காக, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் சி டிரைவ் முழுவதற்கும் ஓனரை மாற்றினால் விண்டோஸ் அப்டேட்டே நின்றுபோகும் அளவுக்குச் சிக்கல் வரலாம்.

நான் பழைய டிஸ்க் முழுவதையும் மாற்றவில்லை. வேண்டிய ஃபோல்டர்களை மட்டும் திறந்து புதிய இடத்துக்கு நகல் எடுத்தேன். நகல் எடுக்கும் ஃபைல், போய்ச் சேரும் ஃபோல்டரின் அனுமதியை எடுத்துக்கொள்ளும், பழைய எண்கள் கூடவே வராது. ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால்தான் பழைய அனுமதி ஒட்டிக்கொண்டே வரும். ஆகவே கட் செய்வதைவிட காப்பி செய்வது நல்லது, மூலப் பிரதியும் பத்திரமாக இருக்கும்.

இதைச் செய்யும்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. பழைய டிஸ்க்கில் இருந்த வீட்டார் எல்லோருடைய ஃபைல்களையும், யாருடைய பாஸ்வேர்டும் கேட்காமல், ஓனரை மாற்றிப் படிக்க என்னால் முடிந்தது. என்னால் முடிகிறது என்றால், டிஸ்க்கைக் கழற்றி எடுத்துப் போகும் எவராலும் முடியும். விண்டோஸ் பாஸ்வேர்டு அதைத் தடுக்காது. டிஸ்க்கில் இருப்பதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவைக்கும் என்கிரிப்ஷன் மட்டுமே தடுக்கும். ஆதார் நகல், வங்கி ஸ்டேட்மெண்ட் எல்லாம் இருக்கும் டிஸ்க்கை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதோடு இன்னொன்று: விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக ஏற்றி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், டிவைஸ் என்கிரிப்ஷன் தானாக இயங்கியிருக்கலாம். செட்டிங்ஸில் பார்த்து, இயங்கியிருந்தால் அந்த 48 இலக்க ரெக்கவரி எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். அது இல்லாத நாளில் எந்தக் கடைக்காரராலும் டிஸ்க்கைத் திறக்க முடியாது.

மனைவியின் டோக்கன் மென்பொருள் மட்டும் உண்மையாகவே அட்மின் அதிகாரம் கேட்கிறது. அதற்குப் பெட்டி வராமல் செய்ய ஒரு வழி இருக்கிறது. டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலையாக வைத்து, உயர்ந்த அதிகாரத்தில் ஓட்டு என்று குறித்துவிட்டால் கேட்காமல் திறக்கும். செய்து கொடுக்கவா என்று கேட்டேன். "வேண்டாங்க, கையெழுத்துப் போடுற விஷயம். கேட்டுட்டே திறக்கட்டும்" என்றார். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. ஒரு கடைக்காரரின் பெயரில் அரசாங்கத்துக்குப் போகும் கையெழுத்து அது.

இவற்றையெல்லாம்விட எனக்கு மிகுந்த நிம்மதி கொடுத்தது அப்பாவின் கணக்கை ஸ்டாண்டர்டு கணக்காக மாற்றியதுதான். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதியில் அதர் யூசர்ஸ் என்று இருக்கும், அங்கே கணக்கின் வகையை மாற்றலாம். கம்ப்யூட்டரில் ஒரு அட்மின் கணக்காவது இருக்க வேண்டும் என்பதால் அதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். அட்மின் கணக்கில் யுஏசி பெட்டி யெஸ், நோ என்று மட்டும் கேட்கும், ஸ்டாண்டர்டு கணக்கில் அட்மினின் பாஸ்வேர்டையோ பின் நம்பரையோ கேட்கும். தெரியாமல் அழுத்தி உள்ளே விட வழியில்லை. அப்பாவிடம் இதை மறைத்துச் செய்யவில்லை, காரணத்தைச் சொல்லித்தான் செய்தேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, "கணக்குப் புரோகிராம் ஓடும்லா?" என்பதுதான். ஓடும். பிரவுசர், பிரிண்டர், வீடியோ கால், எதற்கும் அட்மின் அதிகாரம் தேவையில்லை. ஒரு மாதத்தில் அவருக்கு அந்தப் பின் நம்பர் தேவைப்பட்டது புதிய மென்பொருள் ஏற்றும்போது மட்டும்தான்.

வெளியூரிலிருந்து பெற்றோரின் கம்ப்யூட்டரை ரிமோட்டில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு ஒரு தகவல். யுஏசி பெட்டி வரும்போது திரை மங்குவது அழகுக்காக அல்ல. விண்டோஸ் அந்த நேரத்தில் வேறு ஒரு தனித் திரைக்குப் போய்விடுகிறது, அங்கே மற்ற புரோகிராம்களால் மவுஸை நகர்த்தியோ பட்டனை அழுத்தியோ பதில் சொல்ல முடியாது. ரிமோட் மென்பொருளும் இன்னொரு புரோகிராம்தான் என்பதால், அதை முறையாக இன்ஸ்டால் செய்யாமல் சும்மா திறந்து ஓட்டினால் உங்களுக்கு அந்த நேரத்தில் கறுப்புத் திரையோ உறைந்த திரையோதான் தெரியும். என் மச்சான் துபாயிலிருந்து தன் அம்மாவின் கம்ப்யூட்டரைப் பார்க்கும்போது இதில் மாட்டிக்கொண்டு, இணைப்பு அறுந்துவிட்டது என்றே நினைத்தார். இதற்காக மங்கும் திரையை நிறுத்திவிடச் சிலர் சொல்வார்கள். நிறுத்த வேண்டாம். போனில் பேசிக்கொண்டே, பெட்டியில் என்ன பெயர் இருக்கிறது என்று அத்தையை வாசிக்கச் சொன்னால் போதும்.

மைக், கேமரா விஷயம் சுலபம், ஆனால் இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். மகளுக்கு வகுப்பில் குரல் போகவில்லை. பிரவுசரில் அந்தத் தளத்துக்கு அலவ் கொடுத்திருந்தாள். விண்டோஸ் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் மைக்ரோஃபோன் பக்கத்தில், டெஸ்க்டாப் ஆப்களை மைக் பயன்படுத்த விடு என்ற சுவிட்ச் அணைந்திருந்தது. பிரவுசரும் டெஸ்க்டாப் ஆப்தான். அதே பக்கத்தில் எந்த ஆப் எப்போது கடைசியாக மைக்கைத் தொட்டது என்றும் காட்டுகிறது, மாதம் ஒருமுறை பார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

ஃபயர்வால் பெட்டி வெளியிலிருந்து உள்ளே வரும் இணைப்பைப் பற்றி மட்டுமே கேட்கிறது. கேன்சல் கொடுத்தால் அந்த மென்பொருள் இணையத்துக்கே போகாது என்று நினைத்துவிடக் கூடாது, வெளியே போவதை அது தடுப்பதில்லை. கேன்சல் கொடுத்தால் தடை விதி ஒன்று எழுதப்பட்டுவிடும், பிறகு மறுபடி கேட்காது. நெட்வொர்க் பிரிண்டரின் ஸ்கேன் வேலை காரணமே தெரியாமல் நின்றால், ஃபயர்வாலில் அனுமதித்த ஆப்களின் பட்டியலைப் பாருங்கள்.

பிரவுசர் நோட்டிஃபிகேஷன் பெட்டிக்கு மட்டும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே பதில்: பிளாக். புதிய விண்டோஸில் பிரவுசரும் புதிதாக இருப்பதால், போகும் தளமெல்லாம் இதைக் கேட்கும். நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலவ் அழுத்துங்கள் என்று எழுதி வைத்திருக்கும் தளங்கள் உண்டு. அழுத்தியபிறகு திரையின் வலது மூலையில், உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்று வரத் தொடங்கும். அது விண்டோஸ் சொல்வது இல்லை, அந்தத் தளம் அனுப்புவது. அழைத்தால் ரிமோட் மென்பொருள் ஏற்றச் சொல்வார்கள், அப்புறம் வங்கிக் கணக்கு. குரோமில் சைட் செட்டிங்ஸுக்குள் நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்தில், தளங்கள் கேட்கவே கூடாது என்று மொத்தமாகச் சொல்லிவிடலாம். நான் எல்லோர் கணக்கிலும் அதைப் போட்டுவிட்டேன். பணம் போய்விட்டால் நேரத்தை வீணாக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும் என்பதை மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டியும் வைத்திருக்கிறேன்.

இப்போது எங்கள் கம்ப்யூட்டரில் வாடிக்கையாக வருவது டோக்கன் மென்பொருளின் நீலப் பெட்டி. ஸ்கேனர் மென்பொருளின் மஞ்சள் பெட்டியைத் தவிர்க்க, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கிடைக்கும் விண்டோஸ் ஸ்கேன் ஆப்பை முயன்று பார்த்தோம். சாதாரணத் தாள்களுக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. பல பக்கங்களைச் சேர்த்து ஒரே பிடிஎஃப் ஆக்க மட்டும் மனைவி பழைய மென்பொருளைத் திறக்கிறார். அதற்கும் ஒரு மாற்றுத் தேடிக்கொண்டிருக்கிறேன்.